ஏரியில் இல்லை என்று நான் சொன்ன மோதிரம்

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு கரண்டியைத் தூக்கினேன். ஓட்டைகள் வழியாகச் சேறு ஒழுகி முடிந்ததும் அடியில் மூன்று பொருட்கள் மிஞ்சின. ஒரு சோடா மூடி. ஒரு ஷாம்பு கவர். அப்புறம் ஒரு மோதிரம். என் சுண்டுவிரல் நுனியைக்கூடத் தாண்டாத, குழந்தை போடுகிற மோதிரம்.

தங்கம் எத்தனை மாதம் சேற்றில் கிடந்தாலும் கறுக்காது. கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் போதும், நேற்றுக் கடையில் வாங்கியது மாதிரி எழுந்து வரும். தேய்த்தேன். மேலே ஒரு சின்னச் சிலுவை தெரிந்தது.

சித்திரை வெயில். ஏரிக்கரையில் ஈ காக்கா இல்லை. வழக்கமாகத் தங்கம் கிடைத்தால் நான் போடுகிற கூச்சல் பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கும். என் பெண்டாட்டி லூர்து அதற்காகவே என்னோடு வர மாட்டாள். அன்றைக்கு நான் கூச்சல் போடவில்லை.

சுற்றிலும் ஒருமுறை பார்த்தேன். திரும்பத் தண்ணீரிலேயே போட்டுவிடலாமா என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

வாசகர் கடிதங்கள்

இத்தனை வாரமாக இந்தத் தொடரில் தொலைந்த பொருள் கிடைத்த கதைகளையே எழுதிவந்தேன். கிணற்றில் விழுந்த கார் சாவி, தடுப்பணையில் போன புது மாப்பிள்ளையின் பிரேஸ்லெட், மயிலம் பக்கத்துக் குளத்தில் கரண்டியில் ஏறி வந்த விரல் நீளப் பித்தளை வேல். எல்லாம் என் பெருமையைச் சொல்கிற கதைகள்.

படித்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். "தாங்கள் செய்வது தெய்வத் தொண்டு" என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை லூர்து சத்தமாகப் படித்தாள். படித்து முடித்து மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "அஞ்சலை அக்கா கதைய எப்ப எழுதப் போறே?" என்று கேட்டாள்.

அதனால்தான் இந்த வாரம் இது. தெய்வத் தொண்டு என்று எழுதிய அம்மா மன்னிக்க வேண்டும்.

மிஷின் அந்தோணி

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் திண்டிவனத்தில் பிளம்பர். அதற்கு முன்னால் வளைகுடாவில் ஒரு ஹோட்டலில் நீச்சல்குளம் கழுவுகிற வேலை. அங்கே கடற்கரையில் ஒருத்தர் தினமும் காலையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கம்பி முனையில் வட்டத் தட்டு வைத்த ஒரு மிஷினை மணலில் ஆட்டிக்கொண்டே போவார். உலோகம் இருந்தால் மிஷின் கத்தும். தண்ணீருக்குள்ளேயும் கத்தும். அவர் ஊருக்குப் போகும்போது பழைய பொருள் விலைக்கு அதை நான் வாங்கினேன்.

என் ரூமில் கோட்டக்குப்பத்து பாய் ஒருத்தர் இருந்தார். நான் பெட்டி கட்டுவதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்பா, ஊருக்குப் போறவன் டீவி வாங்கிக்கினு போவான், பர்ஃபியூம் வாங்கிக்கினு போவான். நீ இன்னாத்துக்குப்பா இந்தப் பேஜாரு புடிச்ச கம்பியத் தூக்கிக்கினு போறே?"

ஊரில் இது தேவைப்பட்டது. மழைக்காலம் முடிகிற சமயம் ஏரி நிரம்பிக் கோடி போகும். கோடி என்றால் நிரம்பின தண்ணீர் வழிந்து போகிற மதில். அதுக்கு அப்பால் இடுப்பளவு, மாரளவு பள்ளமாகத் தண்ணீர் நிற்கும். ஏரி கோடி போகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தால் போதும். திண்டிவனம், விழுப்புரத்திலிருந்தெல்லாம் பிரியாணி அண்டாவோடு கார் கட்டிக்கொண்டு வந்து குதிப்பார்கள். குதிப்பவர்களின் கையிலிருந்தும் காதிலிருந்தும் ஏதாவது போகும். போனால் என்னைக் கூப்பிடுவார்கள்.

காதால் பார்க்கிற வேலை

எங்கள் ஏரித் தண்ணீர் டீ நிறம். நூறு பேர் இறங்கி மிதித்தால் டிக்காஷன் நிறம். முழங்கைக்குக் கீழே உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டுதான் தேடுவேன். திறந்து வைத்திருந்தால் கண் எதையாவது தேடிக்கொண்டு கவனத்தைக் கெடுக்கும். பாட்டில் உடைசலுக்குப் பயந்து காலில் பழைய கேன்வாஸ் ஷூ. காதில் ஹெட்போன். கையில் திண்டிவனம் வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த ஓட்டைக் கரண்டி. பக்கத்தில் பைக் டியூபுக்குள் கட்டிய சல்லடை மிதக்கும்.

மிஷின் கத்தினால் கரண்டியைப் போட்டுச் சேற்றை அள்ளிச் சல்லடையில் கொட்டி அலச வேண்டும். இவ்வளவுதான் தொழில்.

இதில் ஒரே ஒரு சங்கடம் உண்டு. இரும்புக்கு ஒரு சத்தம், வெள்ளிக்கு ஒரு சத்தம் என்று மிஷின் பிரித்துச் சொல்லும். ஆனால் மெல்லிய தங்கத்துக்கும் ஷாம்பு கவருக்குள் இருக்கிற வெள்ளித் தாளுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டுக்கும் ஒரே மாதிரி சன்னமாக முனகும். குளிக்கிற இடம் என்றால் ஷாம்பு கவருக்குக் கேட்கவே வேண்டாம். ஒரு அடிக்கு நாலு கிடக்கும்.

அந்தச் சன்னச் சத்தத்தை மட்டும் அடைத்து வைக்க மிஷினில் வழி இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் தாள் எதுவும் காதில் விழாது, நிம்மதியாக நடக்கலாம். கூடவே மெல்லிய தங்கமும் காதில் விழாது. இது தெரியாமல் நான் தொழிலுக்கு வரவில்லை. நன்றாகத் தெரியும்.

முந்தானை முடிச்சு

ரீட்டா டீச்சர் எங்கள் சர்ச் பங்கில் எல்லோருக்கும் வேண்டியவர். ரிடையர் ஆனவர். கணவர் இறந்துவிட்டார். மகன், மருமகள், பேத்தி ஜெனியோடு இருந்தார். அவர் வீட்டில் பதினோரு வருஷமாக வேலை பார்த்தவள் அஞ்சலை அக்கா. ஜெனி பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்த கை அவளுடையது. ஜெனிக்கு எட்டு வயசு முடிந்தும் அஞ்சலை அக்கா ஊட்டினால்தான் சோறு இறங்கும் என்று டீச்சரே கோயில் வாசலில் சொல்லிச் சிரிப்பார்.

அந்த மோதிரம் ஜெனி முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கு என்று தாத்தா உயிரோடு இருக்கும்போதே வாங்கி வைத்தது. ஒரு கிராம்தான். புதுநன்மையைப் பார்க்க அவர் இல்லை. மோதிரம் மட்டும் இருந்தது.

அந்த வருஷம் கோடி போனபோது டீச்சர் குடும்பம் முழுக்க ஏரிக்கு வந்திருந்தது. தண்ணீரில் இறங்குமுன் எல்லோரும் நகைகளைக் கழற்றி அஞ்சலை அக்காவிடம் கொடுத்தார்கள். எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம், குளிக்காத ஒருத்தர் கரையில் உட்கார்ந்து நகையைப் பார்த்துக்கொள்வார். அவள் வாங்கி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

குளித்து ஏறி முடிச்சை அவிழ்த்தால் எல்லாம் இருக்கிறது, ஜெனியின் மோதிரம் மட்டும் இல்லை.

"மோதிரத்த என்னடி பண்ணே?" என்று ஜெனியின் அம்மா அதட்டினாள். ஜெனி மிரண்டு போய், "அஞ்சலம்மா கிட்ட குடுத்தேன்" என்றாள்.

"என்கிட்ட குடுக்கலியே கண்ணு" என்றாள் அஞ்சலை அக்கா. "போட்டுக்கினே எறங்கிட்டியாம்மா? நல்லா நெனச்சிப் பாரு."

ஜெனி அழுதாள். எனக்கு போன் வந்தது.

"நல்லா பாத்தியாப்பா?"

நான் போனபோது கரையில் திருவிழாக் கூட்டம். மிஷினைப் பார்த்ததும் இன்னும் கூடிவிட்டது. எல்லார் கையிலும் போன். எனக்கும் உள்ளுக்குள் ஒரு குஷிதான், ஏன் பொய் சொல்ல வேண்டும். ஜெனி நின்ற இடத்தைச் சுற்றி முளை அடித்துக் கயிறு கட்டினேன். டாக்டர் ஆபரேஷனுக்குப் போகிற தோரணையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

முதல் சத்தம். அள்ளினேன். ஷாம்பு கவர். கரையில் சிரிப்பு.

இரண்டாவது சத்தம். ஷாம்பு கவர். மூன்றாவது, நாலாவது, பத்தாவது. "அண்ணே, கடை வைக்கப் போறீங்களா?" என்று ஒருத்தன் கேட்டான். "சீயக்காய் இருந்தா எனக்கு ரெண்டு எடுத்துக் குடுண்ணே" என்றான் இன்னொருத்தன். சிரிப்பு அடங்க நேரமானது. போன்கள் எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒரு ஊருக்கே தேவைப்படுகிற ஆள் நான், என்னைப் பார்த்தா சிரிக்கிறான்கள்? பொத்தானை அழுத்தினேன். சன்னச் சத்தம் அடைந்துபோனது.

அதுக்கப்புறம் எல்லாம் அழகாக நடந்தது. கயிற்றுக்குள் ஒரு அடி விடாமல் மெதுவாக நடந்தேன். தட்டை ஆட்டிக்கொண்டே போனேன். ஒரு சோடா மூடி, ஒரு இரும்புக் கொக்கி. சிரிக்க யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கரையேறினேன்.

"இல்ல டீச்சர்" என்றேன். "தண்ணியில இல்ல. இருந்தா மிஷின் கத்தியிருக்கும்."

எல்லார் தலையும் ஒரே சமயத்தில் அஞ்சலை அக்கா பக்கம் திரும்பியது. அதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே ஹெட்போனைத் துடைத்தேன்.

அவள் முந்தானையை விரித்து உதறினாள். கூடையைக் கவிழ்த்தாள். உள்ளேயிருந்து வெற்றிலைப் பாக்குப் பொட்டலமும் ஜெனிக்கென்று எடுத்து வந்த மாற்றுத் துணியும் விழுந்தன. கூட்டத்திலிருந்து எவனோ, "உள்ள வச்சிருப்பாங்க, பாருங்க" என்றான். மருமகள் அவளைக் காருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து உதட்டைப் பிதுக்கினாள். பின்னாலேயே அஞ்சலை அக்கா புடவையைச் சரி செய்துகொண்டு வந்தாள்.

நேராக என்னிடம் வந்தாள். "நல்லா பாத்தியாப்பா?"

"பாத்தேங்க்கா."

"எல்லாத்தையும் பாத்தியா?"

"எல்லாத்தையும் பாத்தேன்."

யாரோ ஒரு தட்டில் பிரியாணி நீட்டினார்கள். தண்ணீரில் நின்ற பசி. சாப்பிட்டேன். சீரகச் சம்பா பிரியாணி, நன்றாகத்தான் இருந்தது. இந்த வரியை எழுதுவதற்குள் மூன்று தடவை அடித்துவிட்டேன்.

டீச்சர் சத்தம் போடுகிறவர் இல்லை. மறுநாள் காலையில் அஞ்சலை அக்கா வேலைக்குப் போனபோது, அவளுடைய மாற்றுப் புடவையும் டம்ளரும் ஒரு துணிப்பையில் கேட்டுக்கு மேலே இருந்தன. அதே தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரமே அவர்களும் நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். திருடி என்று அவள் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. அந்தோணி மிஷின் வச்சுப் பாத்துட்டான், தண்ணியில இல்ல என்று மட்டும்தான் சொன்னார்கள்.

யாரும் இல்லாத நாளில்

அந்தச் சித்திரையில் ஏரிக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. தண்ணீர் வற்றியிருக்கும், கூட்டம் இருக்காது, சும்மா ஒரு நாள் தேடிப் பார்ப்போம் என்று நானாகப் போனேன். சிரிக்க ஆள் இல்லாத இடத்தில் நான் நல்ல தொழில்காரன். எந்தச் சத்தத்தையும் அடைக்க மாட்டேன். ஒவ்வொரு முனகலுக்கும் குனிந்து அள்ளுவேன். ஒரு சாக்குப்பை நிறைய ஷாம்பு கவர் சேர்த்த பிறகுதான் அந்த மோதிரம் வந்தது.

கிடைத்த இடத்துக்குப் பக்கத்தில் நான் அன்றைக்கு அடித்த முளை ஒன்று இன்னும் சேற்றில் நின்றிருந்தது. கயிற்றுக்கு வெளியே இல்லை, உள்ளேதான். அந்த மோதிரத்தின் மேல் நான் நடந்திருக்கிறேன். தட்டை ஆட்டியிருக்கிறேன். அது முனகியிருக்கிறது, நான்தான் காதை மூடிக்கொண்டிருந்தேன்.

மோதிரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன்.

டீச்சர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். ஜெனியைக் கூப்பிட்டார். குழந்தை வந்து பார்த்தாள். முகம் வெளுத்துப் போய், ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். டீச்சருக்கு அப்போதே புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்தது.

"எப்படி அந்தோணி? அன்னிக்கு இல்லன்னியே?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வரிதான். நான் சொன்னது இது: "தண்ணி இழுத்துக்கிட்டு வந்து போட்டிருக்கும் டீச்சர். அன்னிக்கு அங்க இல்ல."

டீச்சர் சாத்தின கதவைப் பார்த்தார். "புள்ள பயத்துல ஒரு பொய் சொல்லிடுச்சு. அது வெளிய தெரிஞ்சா ஸ்கூல்ல, கோயில்ல எல்லாம்... அஞ்சல கிட்ட சமயம் பாத்து நானே சொல்லிக்கிறேன். நீ யார்கிட்டயும் சொல்லாத."

"சரிங்க டீச்சர்" என்றேன். வெளியே வந்து பைக்கைக் கிளப்பும்போது நெஞ்சில் இருந்த கல் இறங்கின மாதிரி இருந்தது. அந்த நிம்மதிக்காகத்தான் எனக்கு இன்றைக்கும் அதிகம் கூசுகிறது.

மல்லாட்டைப் பொட்டலம்

கொஞ்ச நாள் கழித்துத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தேன். அவித்த மல்லாட்டை, வேர்க்கடலைதான், கூடை நிறைய வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி ஒவ்வொரு ஜன்னலாக வந்துகொண்டிருந்தாள். என் ஜன்னலுக்கு வந்ததும்தான் தெரிந்தது, அஞ்சலை அக்கா. கழுத்தெலும்பு துருத்தியிருந்தது. மூக்கில் எப்போதும் போட்டிருக்கிற ஒற்றைக்கல் தங்க மூக்குத்தி மட்டும் அப்படியே இருந்தது.

அவள்தான் முதலில் சிரித்தாள். "தம்பி, மிஷின் தம்பிதானே நீ? நல்லா இருக்கிறியா?"

"நல்லா இருக்கேங்க்கா."

"ஜெனிப் பொண்ண எங்கனா பாத்தியா? சாப்புடுதா ஒழுங்கா?" பதிலுக்குக் காத்திராமல் குரலை இறக்கினாள். "ஏம்பா, அந்த மோதிரம் அப்புறம் கெடச்சுதா?"

டீச்சர் சொல்லவில்லை. சமயம் வரவே இல்லை போலிருக்கிறது.

கண்டக்டர் விசில் ஊதினார். "தெரியலக்கா" என்றேன்.

"பாவம் டீச்சரு, அழுதுக்கினே இருந்தாங்க. கெடச்சா எனக்கும் ஒரு வார்த்த சொல்லுப்பா." பொட்டலத்தைக் கட்டி, மேலே இன்னும் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டு ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். காசு வாங்குவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

விழுப்புரம் வரைக்கும் அந்தப் பொட்டலம் மடியில் சுடச்சுட இருந்தது. ஒன்றுகூட வாயில் போட முடியவில்லை. அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

லூர்து மல்லாட்டையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்டாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், பொத்தானை அழுத்தியது உட்பட. சனிக்கிழமை கோயில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிடலாம் என்று இருப்பதாகவும் சொன்னேன்.

அவ்வளவுதான். பிடித்துக்கொண்டாள். "சாமியார் காதுலயா அந்தம்மாவத் திருடின்னு சொன்னே? ஊர் முன்னாடிதானே சொன்னே? த்தூ. போய் ஊர் முன்னாடி சொல்லு, அப்புறம் சாமியார்கிட்டப் போ."

இருபது வருஷத்தில் லூர்து என்னைப் பார்த்து அந்தச் சத்தம் போட்டதில்லை.

கோடி வாய்க்காலில்

நூறு நாள் வேலை நடக்கிற நாட்களில் அஞ்சலை அக்கா மல்லாட்டைக்குப் போக மாட்டாள். அந்த வாரம் எங்கள் ஏரியின் கோடி வாய்க்காலைத்தான் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு, கரண்டி, சல்லடையோடு போனேன். ஏன் அதையெல்லாம் எடுத்துக்கொண்டு போனேன் என்று தெரியாது. வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்திருக்கும்.

இருபது பெண்கள் இருப்பார்கள். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தூக்குவாளியில் கொண்டுவந்த கேப்பங்கூழைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வரப்பில் நின்றுகொண்டே சொன்னேன். மோதிரம் தண்ணீரில்தான் இருந்தது, சித்திரையிலேயே கிடைத்துவிட்டது, அஞ்சலை அக்கா எடுக்கவில்லை, நான்தான் சரியாகத் தேடவில்லை, பஸ் ஸ்டாண்டில் தெரியாது என்று சொன்னதும் பொய். வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது, கோர்வையாக வரவில்லை.

ஒரு பெண், "அடப்பாவி" என்றாள். அஞ்சலை அக்கா தூக்குவாளியை மூடி ஓரமாக வைத்தாள்.

"சித்திரையிலேயா?"

"ஆமாங்க்கா."

"டீச்சருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் தலையை ஆட்டினாள். "டீச்சர் கிட்ட நான் பேசிக்கிறேன். ஜெனி கொழந்த, அம்மா அடிப்பான்னு பயந்து சொல்லிச்சு. அத்த நான் தப்பு சொல்ல மாட்டேன்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ பெரிய மனுஷன். நீ இன்னாத்துக்குப்பா பயந்தே?"

உண்மைதான் வந்தது. "ஷாம்பு கவரா வந்துச்சுக்கா. எல்லாரும் சிரிச்சாங்க. அதான் சத்தத்த அடைச்சுட்டேன்."

"சிரிச்சாங்கன்றதுக்கா?"

"ஆமா."

அவள் கையை மூக்குக்குக் கொண்டுபோனாள். திருகு இறுகியிருந்தது, கழற்றக் கொஞ்ச நேரம் ஆனது. நான் புரிந்துகொண்டு, "அக்கா வேணாம், அது கெடைக்காது, ரொம்பச் சின்னது" என்று கத்துவதற்குள், மூக்குத்தியைக் கோடிக்குக் கீழே தேங்கியிருந்த முழங்கால் அளவு தண்ணீரில் போட்டாள். ஒரு துளிச் சத்தம்கூட வரவில்லை.

"அன்னிக்குத் தேடின மாதிரி தேடு. அடைச்சிக்கினு தேடு."

இறங்கினேன். பொத்தானை அழுத்தினேன். அவள் போட்ட இடத்துக்கு மேலேயே தட்டை ஆட்டினேன். ஹெட்போனைக் கழற்றி வைத்திருந்தேன், மிஷின் கத்தினால் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று. அது கத்தவில்லை.

"இன்னா சொல்லுது மிஷினு?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

"அன்னிக்கு சொன்ன மாதிரி சொல்லு."

என்னால் முடியவில்லை. அவள் விடவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசியில், "தண்ணியில இல்ல" என்றேன்.

"கேட்டுக்கினீங்களாடி?" என்று பெண்கள் பக்கம் திரும்பினாள். "நான் போட்டத எல்லாரும் பாத்தீங்க. இல்லன்றான்." பிறகு என்னிடம், "இப்ப தொறந்து தேடு. நாங்க சிரிக்கிறோம்."

திறந்தேன். உடனே முனகியது. முழங்கால் போட்டுச் சேற்றை அள்ளிச் சல்லடையில் கொட்டி அலசினேன். ஷாம்பு கவர். முதலில் யாரும் சிரிக்கவில்லை. நாலாவது கவருக்கு ஒரு சின்னப் பெண் களுக்கென்று சிரித்தாள். அப்புறம் பிடித்துக்கொண்டது. "மாமா, எனக்கு மல்லிப்பூ வாசனை இருந்தா எடு" என்றாள் ஒருத்தி. "எண்ணெய்த் தலைக்கு ஆவுமா பாரு" என்றாள் இன்னொருத்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சேறு கண்ணில், வாயில், காதில். முழங்கையை ஒரு கண்ணாடிச் சில்லு கிழித்தது. எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது, சேற்றில் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

அஞ்சலை அக்கா சிரிக்கவில்லை. கரையில் குத்துக்காலிட்டு, மூக்கில் விரலை வைத்துக்கொண்டு, நான் அள்ளிய ஒவ்வொரு கரண்டியையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் மற்றவர்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். வெயில் முதுகில் ஏறி இறங்கியது. கிடைக்காமல் போனால் என்ன செய்வேன் என்று நினைத்துக்கொண்டே அள்ளினேன். அவளிடம் இருந்த ஒரே தங்கம் அது.

சல்லடை மூலையில், ஒரு நத்தை ஓட்டுக்குப் பக்கத்தில் அது கிடந்தது. அரிசியில் பாதிதான் இருக்கும். திருகோடு சேர்ந்தே இருந்தது.

கூச்சல் போடவில்லை. உள்ளங்கையில் வைத்துக் கொண்டுபோய் நீட்டினேன். அவள் வாங்கி, குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரில் கழுவி, கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தாள். மாட்டித் திருகினாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு நடந்தாள். ரெண்டு அடி போனவள் நின்று திரும்பினாள்.

"மோதிரம் இத்தவிடப் பெருசுதானேப்பா?" என்றாள்.